வெள்ளைத் தாளில் வெய்யில்: பென்சிலால் முழு ஒளி நிழலோடு வரையப் பழகும் வழி

பென்சிலால் வரையத் தொடங்கியவர்களின் படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். கோடு பிழையில்லை, கண்ணும் மூக்கும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும், ஆனாலும் படம் தட்டையாகக் கிடக்கும். கையில் குறை இருப்பதால் இப்படி வருவதில்லை. கறுப்பைப் பூசப் பயப்படுவதால் வருகிறது.

தாளின் வெள்ளையைவிட வெளிச்சமான எதையும் பென்சிலால் போட முடியாது. எங்கள் திருகோணமலையின் டச்சுக் குடாவில் காலை வெய்யிலில் மினுங்கும் கடல் அந்த வெள்ளையைவிடப் பல மடங்கு வெளிச்சம். அதைத் தாளில் காட்ட ஒரே ஒரு வழிதான் உண்டு: பக்கத்தில் போதிய இருட்டை வைக்க வேண்டும். கரையில் இழுத்து விட்ட வள்ளத்தின் நிழற்பக்கத்தைத் துணிந்து கறுப்பாக்கினால் கடல் தானாகவே மினுங்கும். அதைச் சாம்பலில் விட்டால் கடலும் சாம்பல்தான்.

ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற அளவைத்தான் இங்கே தொனி என்று சொல்கிறேன். நிறம் இதில் சேர்த்தி இல்லை. கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் செய்யுங்கள். இரண்டாம் படியும் ஐந்தாம் படியும்தான் உயிர். அவற்றில் அவசரப்பட வேண்டாம்.

படி 1: சாமான்கள்

2எச், 2பி, 6பி என்று மூன்று பென்சில் போதும். பன்னிரண்டு பென்சில் கொண்ட தகரப் பெட்டி பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் பழகும் காலத்தில் எதை எடுப்பது என்ற குழப்பத்தைத்தான் தரும். பென்சிலின் உள்ளே இருப்பது காரீயம் எனப்படும் கிராபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. பிரான்சில் நிக்கொலா ஜாக் கொன்ரே 1795 இல் காப்புரிமை பெற்ற முறை அது. களி கூடினால் கடினம், கோடு மங்கல். அதுதான் எச் வரிசை. காரீயம் கூடினால் மென்மை, கோடு கறுப்பு. அது பி வரிசை. (போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டுகிற நம் நாட்டுக் காரீயம் தூய்மைக்கு உலகப் பெயர் எடுத்தது. கையில் பிடித்திருப்பது அந்நிய வஸ்து இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.)

பள்ளிக்கூடப் பையில் இருக்கும் எச்பி ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாம் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு அழுத்தினாலும் அது ஓர் அளவுக்கு மேல் கறுக்காது. அழுத்திய இடம் பளபளக்கத் தொடங்கும், தாளும் பள்ளம் விழும். காரீயத்தின் தகடுகள் அழுத்தத்தில் படிந்து கண்ணாடிபோல் ஒளியைத் திருப்புவதால் வரும் பளபளப்பு அது. சாய்த்துப் பார்த்தால் உங்கள் கறுப்பு வெள்ளியாகத் தெரியும்.

தாளில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். சாதாரண சித்திரக் கொப்பித் தாள் சரி. பிரிஸ்டல் போர்ட் வழுக்கும், காரீயம் அதில் படிந்து ஏறாது. போட்டோகொப்பித் தாள் மெல்லியது, நான்கு அடுக்குப் பூசியதும் களைத்துவிடும். பிசையக்கூடிய அழிறப்பர் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சுவரில் தாள் ஒட்டும் புளூ டாக் அதே வேலையைச் செய்யும்: தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் தொனி ஒரு படி வெளுக்கும்.

பென்சிலைக் கத்தியால் சீவி, கூரில் ஒரு சென்ரிமீற்றர் அளவு காரீயம் வெளியே தெரியும்படி விடுங்கள். கட்டரால் சீவிய குட்டைக் கூரில் பக்கவாட்டாகப் பூச இடமில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்க்கும், ஆகவே கைக்குக் கீழே எப்போதும் ஒரு துண்டுத் தாள். வியர்வை பட்ட இடத்தில் காரீயம் ஒட்டுகிற விதமே மாறிவிடும், பிறகு அழித்தாலும் அந்தத் தடம் போகாது.

படி 2: ஒன்பது பெட்டி

இரண்டு சென்ரிமீற்றர் சதுரமாக ஒன்பது பெட்டியை ஒரே வரிசையில், ஒட்டினாற்போல் வரையுங்கள். இடப்பக்க முதற்பெட்டி தாளின் வெள்ளை, தொடவே வேண்டாம். ஒன்பதாவது பெட்டி உங்கள் 6பி தரக்கூடிய ஆகக்கூடிய கறுப்பு.

பெரும்பாலானவர்கள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கிக்கொண்டு போவார்கள். ஐந்தாவது பெட்டிக்கு வரும்போதே கறுப்பு முடிந்துவிடும், கடைசி நான்கும் ஒரே மாதிரி இருக்கும். அப்படிப் போகாமல் முதலில் ஒன்பதை முடியுங்கள். பிறகு ஐந்தை, வெள்ளைக்கும் கறுப்புக்கும் சரி நடுவாக. பின் ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே மூன்று, ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஏழு. மிச்சம் இருக்கும் இரட்டை எண் பெட்டிகளை அவற்றின் இரு பக்கத்தையும் பார்த்துப் பூசுங்கள். எப்போதும் இரண்டு எல்லைகளுக்கு நடுவே ஒன்றைத் தேடுகிறீர்கள். படம் வரையும்போதும் கண் செய்யப்போவது இதே வேலைதான்.

பூசும் விதம்: பென்சிலைச் சாய்த்து, அழுத்தாமல், ஒரு திசையில் ஓர் அடுக்கு. அதன்மேல் சற்றுத் திசை மாற்றி இன்னோர் அடுக்கு. கறுப்பை அழுத்தத்தால் எடுக்காமல் அடுக்கால் எடுங்கள். இரண்டு, மூன்றாம் பெட்டிகளுக்கு 2எச், நடுவுக்கு 2பி, இருட்டுக்கு 6பி. 6பி பூசிய இடத்தில் தாளின் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப்பார்த்தால், மேலே 2பியைக் கூராக்கி மெதுவாக ஓட்டுங்கள். கடினமான கூர் அந்தக் குழிகளை நிரப்பும். விரலால் தேய்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். தேய்த்தால் எல்லாத் தொனியும் நடுச் சாம்பலுக்கு ஓடிவரும், விரலின் எண்ணெயும் தாளில் இறங்கும். தொனியைக் கட்டுப்படுத்தக் கை பழகிய பிறகு வேண்டுமானால் துணியோ பஞ்சோ எடுக்கலாம்.

சமமாகப் பூசிய பெட்டிகூட, அடுத்த கறுப்பான பெட்டியை ஒட்டிய ஓரத்தில் வெளிச்சமாகவும் மற்ற ஓரத்தில் இருண்டும் தெரியும். உங்கள் கைப்பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள். பாரிஸின் கோபெலின் நெசவுச் சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த செவ்ரூல் என்ற இரசாயனவியலாளர் 1839 இல் இதுபற்றி விரிவாக எழுதினார். பக்கத்தில் இருப்பதை வைத்தே கண் எதையும் அளக்கிறது. இதை இப்போதே அறிந்துகொண்டால் ஐந்தாம் படியில் கைகொடுக்கும்.

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். வரிசை ஏணிபோல் ஒரே சீராக இறங்கினால் சரி. எங்காவது இரண்டு பெட்டி ஒன்றாகக் கலந்து தெரிந்தாலோ, ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று விழுந்தாலோ திருத்துங்கள். முடிந்ததும் வரிசையை வெட்டி எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் நடுவிலும் பஞ்சரால் ஓட்டை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது இனி உங்கள் அளவுகோல்.

படி 3: ஒரு முட்டை, ஒரு வெளிச்சம்

வெள்ளை முட்டை ஒன்றை வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். ஒரே பக்கத்தில் இருந்து வெளிச்சம் வரவேண்டும். கூரை மின்குமிழை அணைத்துவிட்டு மேசை விளக்கை முட்டைக்கு இடப்பக்கம், சற்று மேலே வைத்தால் போதும்.

பகலில் யன்னல் வெளிச்சத்தில் வரைவதென்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு யன்னலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், அங்கே வடக்கால் வெய்யில் நேரே விழாது என்பதால். திருகோணமலை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எட்டரைப் பாகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை நடுப்பகற் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலால் வெய்யில் உள்ளே வந்து மேசையில் நகர்ந்துகொண்டே போகும். அப்போது தெற்கு யன்னலுக்கு மாறுங்கள். மிச்ச மாதங்களில் புத்தகம் சொல்வது சரி.

இனி முட்டையை நன்றாகப் பாருங்கள். வெளிச்சம் நேரே படும் இடம் ஆக வெளிச்சம். அதிலிருந்து விலக விலக மெல்ல மங்கி, ஓர் இடத்தில் வெளிச்சம் எட்டாமற் போகும். அந்த எல்லையை ஒட்டி உள்ளே ஒரு பட்டைதான் முட்டையின்மேல் உள்ள ஆகக்கூடிய இருட்டு. முட்டையின் தூர விளிம்பு இல்லை. பலர் விளிம்பைத்தான் கறுப்பாக்குவார்கள், முட்டை அப்போது தட்டாகிவிடும். விளிம்பருகே கீழே விரித்த வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் நிழற்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். பிறகு தாளில் விழுந்த நிழல், அதிலும் முட்டை தாளைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய கீற்று. படம் முழுவதிலும் ஆகக் கறுப்பு அந்தக் கீற்றுத்தான்.

திரும்பி வந்த அந்த வெளிச்சத்தில்தான் அநேகம் பேர் வழுக்குகிறார்கள். இருட்டின் நடுவே இருப்பதால் அது மிகவும் வெளிச்சமாகத் தோன்றும், கை அதை வெள்ளையாக விட்டுவிடும். விதி ஒன்றை மனதில் வையுங்கள்: நிழற்பக்கத்தின் ஆக வெளிச்சமான இடம், வெளிச்சப் பக்கத்தின் ஆக மங்கலான இடத்தைவிடக் கொஞ்சமாவது இருட்டாக இருக்க வேண்டும். வெள்ளை முட்டைக்கு வெளிச்சப் பக்கம் ஒன்றிலிருந்து மூன்று வரை, நிழற்பக்கம் ஐந்திலிருந்து ஏழு வரை என்று வைத்துத் தொடங்கலாம்.

வரையும் ஒழுங்கு: முட்டையின் உருவம், நிழலின் எல்லை, விழுந்த நிழலின் உருவம் மூன்றையும் 2எச்சால் மெல்லிய கோட்டில். நிழல் எல்லாவற்றையும் ஒரே தொனியில் ஐந்தாக நிரப்புங்கள். உடனே தொடும் இடத்துக் கீற்றை ஒன்பதாக்குங்கள். இப்போது தாளில் வெள்ளையும் கறுப்பும் இரண்டும் இருக்கின்றன, மிச்சம் எல்லாம் அவற்றுக்கு நடுவே. வெளிச்சப் பக்கத்தின் மெல்லிய தொனிகள் கடைசி.

அடுத்த நாள் அதே முட்டையைக் கறுப்புத் துணியின்மேல் வைத்து வரையுங்கள். விளிம்பில் இருந்த அந்தத் திரும்பிய வெளிச்சம் பெரும்பாலும் காணாமற் போயிருக்கும்.

படி 4: கத்தரிக்காயும் வெண்காயமும்

குசினியில் இருந்து ஒரு கத்தரிக்காய், உரித்த வெண்காயம், பித்தளைச் செம்பு. முட்டையில் ஒளி மட்டுமே தொனியைத் தீர்மானித்தது. இங்கே பொருளின் சொந்தக் கறுப்பும் வெள்ளையும் சேர்கிறது. கத்தரிக்காயின் வெளிச்சப் பக்கமே ஏழு, எட்டில் இருக்கும், அதன் நிழல் ஒன்பதில் மறைந்துவிடும். அதன் மினுக்கம் மட்டும் சின்ன வெள்ளைப் பொட்டாக நிற்கும். அந்தப் பொட்டைச் சுற்றி மெல்ல மங்கவைக்காதீர்கள். வழவழப்பான தோலில் மினுக்கம் கூர் விளிம்போடு இருக்கும், மங்கவைத்தால் கத்தரிக்காய் வெல்வெற் துணியாகிவிடும். செம்பு இதற்கும் மேலே. வெள்ளையும் கறுப்பும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், நடுத்தொனி அதிகம் இராது. கண்டபடியே போடுங்கள், அறிவைக் கேட்காதீர்கள்.

படி 5: அறிவை நம்பாமல் அளப்பது

வெள்ளை வேட்டி வெள்ளை, காகம் கறுப்பு என்று மூளை முன்கூட்டியே முடிவெடுத்துவிடும். விறாந்தையின் உள் மூலையில் தொங்கும் வெள்ளை வேட்டியையும் வெளியே வெய்யிலில் மதிலில் நிற்கும் காகத்தின் முதுகையும் ஒன்றாகப் பாருங்கள். வேட்டியின் தொனி காகத்தின் முதுகைவிட இருட்டாகக்கூட இருக்கலாம். 1995 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் அடெல்சன் ஒரு சதுரங்கப் பலகைப் படத்தை உருவாக்கினார். நிழலில் இருக்கும் வெள்ளைச் சதுரமும் வெளியே இருக்கும் கறுப்புச் சதுரமும் அச்சில் ஒரே சாம்பல்தான், ஆனால் எவ்வளவு முயன்றாலும் கண் அதை ஏற்காது. தெரிந்துகொண்டால்கூட ஏமாற்றம் நிற்பதில்லை. ஆகவே கண்ணுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, கருவிதான் வேண்டும்.

ஓட்டை போட்ட உங்கள் ஒன்பது பெட்டிதான் அந்தக் கருவி. ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, ஓட்டை வழியே பொருளின் ஒரு சிறு பகுதியைப் பாருங்கள். பெட்டியின் தொனியும் ஓட்டைக்குள் தெரிவதும் கலந்து போகும் இடம்தான் விடை. அட்டைமேல் விழும் வெளிச்சம் மாறாமல் இருக்க வேண்டும், வெய்யிலில் ஒருமுறை நிழலில் ஒருமுறை என்று பிடித்தால் கணக்கு பிழைக்கும்.

நிறத்தைத் தொனியாக்குவதற்கும் இதுவே வழி. பத்திரகாளி அம்மன் கோயில் கோபுரத்துச் சிற்பங்களின் முன் நின்று பழகலாம். மஞ்சள் ஒளிர்ந்து மேலே நிற்கும். கண்ணைப் பறிக்கிற சிவப்பு, அளந்தால் நடுவைத் தாண்டி இருட்டுக்குள் கிடக்கும். கடுஞ்சிவப்பும் இலைப்பச்சையும் பல இடங்களில் ஒரே தொனிக்கு வந்துவிடும். நிறத்தில் எட்டத் தள்ளி நின்ற இரண்டு உருவங்கள் பென்சிலில் ஒன்றோடொன்று ஒட்டிப்போவது இதனால்தான்.

போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்ப்பது குறுக்கு வழி, தப்பில்லை. ஆனால் போன் கமரா தன்பாட்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கும். நிழலுக்குள் கண் காண்பதைப் பல வேளை அது விழுங்கிவிடும். எது எதைவிட இருட்டு என்று ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: தீப்பெட்டி அளவில் திட்டம்

வெளியே போகுமுன் ஒரு பழக்கம். எந்தக் காட்சியானாலும் முதலில் தீப்பெட்டி அளவில் ஒரு சதுரம், அதற்குள் மூன்றே மூன்று தொனி: வெள்ளை, நடு, கறுப்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு இடத்தையும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் தள்ளுங்கள். முகம், சன்னல், இலை எதுவும் வேண்டாம். இரண்டு நிமிடம் போதும். மூன்றும் ஒரே அளவு இடம் பிடித்தால் படம் சலிக்கும். ஒன்று பெரும்பகுதியையும், இன்னொன்று மீதியில் முக்கால்வாசியையும், மற்றது ஒரு துளியையும் பிடிக்கட்டும். எது துளியோ அங்கேதான் பார்ப்பவர் கண் போகும்.

படி 7: ஊருக்குள் இறங்குவது

காலையில் டச்சுக் குடா. சூரியன் கடலுக்கு மேலே, வள்ளங்களுக்குப் பின்னால். பொருள்கள் எல்லாம் ஏழிலிருந்து ஒன்பதுக்குள், தண்ணீர் ஒன்றிலிருந்து மூன்றுக்குள். நடுத்தொனி ஈர மணலில் மட்டும். பின்னேரம் அதே இடத்துக்கு வாருங்கள்: வெளிச்சம் ஊர்ப்பக்கத்தால் வந்து வள்ளத்தின் நிறத்தையெல்லாம் காட்டும், கடல் நடுத்தொனிக்கு இறங்கிவிடும். ஒரே இடம், இரண்டு முற்றிலும் வேறான திட்டம். தொடக்கத்துக்குக் காலைக் காட்சிதான் நல்லது, துணிந்து கறுப்பாக்கச் சாக்கு இருக்கிறது.

வெய்யில் உயரும் வேகம் இங்கே அதிகம். மார்ச் மாதத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு கம்பத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒன்பது மணி கழிந்ததும் நிழலும் உயரமும் சமம். ஆகவே உட்கார்ந்ததும் நிழல்களின் எல்லையை முதலில் கோட்டால் பிடித்துவிடுங்கள். பிறகு சூரியன் எங்கே போனாலும் அந்தக் கோட்டை மாற்றாதீர்கள். நடுப்பகலில் வரையப் போகவே வேண்டாம். நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும், உங்களுக்குத் தலையிடிதான் மிச்சம்.

பிரட்றிக் கோட்டையின் வாசல் வளைவு முழுத் தொனிக்கு மிகச் சிறந்த பாடம். வெய்யிலில் வெளுத்த கல், நடுவே தடித்த மதிலின் உள்ளிருட்டு, அதற்கப்பால் மறுபடி வெளிச்சம். அந்த உள்ளிருட்டை ஒரே கறுப்பாக அடைக்காமல் எட்டிலும் ஒன்பதிலுமாகப் பிரித்துப் போடுங்கள். வாசற் கல்லில் பழைய தமிழ்ச் சாசனமும் இணைக்கயல் சின்னமும் இருக்கின்றன. நேர் வெளிச்சத்தில் எழுத்துகள் கல்லோடு கலந்துவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வெட்டின் ஒரு கரை இருண்டு மறுகரை பளிச்சிடும். அந்த இரண்டு கோடுகளை மட்டும் போட்டால் போதும், எழுத்து செதுக்கியதாகவே தெரியும். உள்ளே மரநிழலில் படுத்திருக்கும் மான்களும் நல்ல பயிற்சி: முதுகின் வெள்ளைப் புள்ளிகள் நிழலில் வெள்ளையாக இல்லை, நான்காகவோ ஐந்தாகவோ இருக்கும்.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை. முகாம் கட்டடங்களையும் காவலரண்களையும் பார்த்தபடி கொப்பியை விரிக்காதீர்கள். ஐயம் இருந்தால் காவலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் சனம் அதிகம், ஓரமாக இருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

வடகீழ்ப் பருவமழை மாதங்களில், நவம்பர் முதல் ஜனவரி வரை, வானம் மூடியிருக்கும் நாட்களை வீணாக்க வேண்டாம். நிழலுக்கு விளிம்பே இராது, காட்சி முழுவதும் மூன்றிலிருந்து ஆறுக்குள் அடங்கிவிடும். அந்த நாளில் வலிந்து கறுப்பைத் திணிக்கத் தேவையில்லை. அருகருகே உள்ள தொனிகளைப் பிரித்தறியக் கண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. வெள்ளையையும் ஒன்பதையும் கையில் வைத்திருந்தும் செலவழிக்காமல் விடுவது தனி வித்தை.

படி 8: முடிந்ததா என்று பார்ப்பது

படத்தைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்துத் தள்ளி நின்று பாருங்கள். உங்கள் ஒன்பது பெட்டியைப் படத்தின்மேல் வைத்து நகர்த்துங்கள். ஆகக் கறுப்பென்று நினைத்த இடம் ஆறிலோ ஏழிலோ நின்றால், அந்த ஓரிடத்தை மட்டும் 6பியால் ஒன்பதாக்குங்கள். ஒரு கை அகலம்கூட வேண்டாம், சின்ன இடம் போதும். உடனே படத்தின் மற்ற இருட்டுகள் எல்லாம் வெளுத்துவிட்டதுபோல் தோன்றும், எங்கெங்கே இன்னும் ஒரு படி இறக்க வேண்டும் என்று அவையே காட்டிக்கொடுக்கும். பிறகு ஆக வெளிச்சமான இடத்தைத் தேடி, அங்கே அறியாமல் படிந்த சாம்பலைப் புளூ டாக்கால் ஒற்றி எடுங்கள்.

6பி அடர்ந்த படம் அடுத்த தாளில் ஒட்டும். இடையில் எண்ணெய்த் தாளோ மெல்லிய டிசு தாளோ வைத்து, கொப்பியை நிமிர்த்தாமல் படுக்கையாக வையுங்கள். கடற்காற்றில் தாள் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் அடுக்க வேண்டாம். யாருக்காவது அனுப்பப் போனில் படம் எடுப்பதென்றால் யன்னலுக்கு முகம் கொடுத்து எடுக்காதீர்கள், காரீயம் பளபளத்துக் கறுப்பெல்லாம் வெளுத்து விழும். யன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், பளபளப்பு மறையும்வரை தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள்.